துருத்தியின் கனம்

பவானிபூரில் வாஞ்சிநாதன் வீட்டுச் சனிக்கிழமை பஜனை முடிந்தது. குமாஸ்தாக்கள் சுண்டலை மென்றபடி தத்தம் வாத்தியக் கதைகளை அளந்துகொண்டிருந்தார்கள். பிடில்காரர் பாதிப் பாட்டில் தந்தி அறுந்ததைச் சொன்னார். மிருதங்கக்காரர் கல்கத்தா மழையில் தோல் நமுத்துப்போவதைச் சொல்லிப் புலம்பினார்.

"எது எப்படியோ, இன்னிக்குக் கோதண்டத்தோட ஆர்மோனியம்தான் தேன்!" என்று வாஞ்சிநாதன் கோதண்டத்தின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் காட்டினார். கோதண்டம் கூச்சத்தோடு சிரித்தார்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த வேங்கடேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோதண்டத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடியவன் அவன். வாஞ்சிநாதனைத் தனியே அழைத்துப் போனான்.

"என்ன ஓய், அந்தப் பெட்டியிலேர்ந்து சத்தமே வரலையே!"

"போன வருஷம் விஷஜுரத்திலே அவருக்குக் காது சுத்தமாப் போயிடுத்து. கண்டபடி வாசிச்சார், எங்க பாட்டெல்லாம் கலைஞ்சுது. தனிக்கட்டை மனுஷன், வராதேயும்னு எப்படிச் சொல்றது? உள்ளே சத்தம் போடற பித்தளை ரீடையெல்லாம் கழட்டிட்டோம். பாவம், அவருக்குத் தெரியாது."

டிராம் நிற்கும் இடம்வரை வேங்கடேசன் கோதண்டத்தோடு நடந்தான். "வாசிப்பு பிரமாதம்" என்று அவனும் கையை ஆட்டிக் காட்டினான்.

கோதண்டம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரீடு இல்லாத பெட்டிக்குக் காத்தடிக்கிற துருத்தி பஞ்சா அமுங்கும், ஓய். அது கைக்குத் தெரியாதா?"

வேங்கடேசன் வாஞ்சிநாதன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அவாகிட்ட சொல்லிடாதேயும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் எந்த முகத்தோட சனிக்கிழமை அங்கே போவேன்?"