பின்கதவு திறக்காது

"எமிலியானுஸ் எழுதின விமர்சனத்தை எங்கட இணையத்தளத்தில இருந்து தூக்கவேணும். ஆளையும் சங்கத்தில இருந்து தூக்கவேணும். இதுதான் பிரேரணை," என்றார் தலைவர் குணரத்தினம்.

"ஆமோதிக்கிறன்," என்றார் செயலாளர் சண்முகலிங்கம். தலைவர் தும்மினாலும் அவர் ஆமோதிப்பார்.

ரொக்ஸ்பரோ நகரில் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறை, பேஸ்மென்ற். பொம்மை வாகனம் சேர்ப்போர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மொத்தம் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேருக்குப் பதவி உண்டு. மிஞ்சிய ஒருவன் எமிலியானுஸ்.

அவன் செய்த குற்றம் பெரிதொன்றுமில்லை. முப்பது வருடத்துக்கு முன் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு ஆங்கிலத் தொடரின் மீட்பு வான் வண்டி இப்போது பொம்மையாக வந்திருந்தது. தொடரில் வாராவாரம் அந்த வானின் பின்கதவு திறக்கும். உள்ளேயிருந்து ஒரு சின்னப் படகு வழுக்கி இறங்கும். அந்தக் கதவுக்காகவே தொடரைப் பார்த்தவர்கள்தான் சங்கத்தில் அத்தனை பேரும்.

'பின்கதவு வெண்ணெய் மாதிரித் திறக்கிறது' என்று எழுதிப் பத்துக்குப் பத்துப் போட்டிருந்தார் தலைவர். 'என்னுடையதும் அப்படியே' என்று மற்ற ஏழு பேரும் கீழே எழுதினார்கள்.

எமிலியானுஸ் மட்டும் இப்படி எழுதினான்: 'சில்லு நன்றாக ஓடுகிறது. ஏணி ஏறி இறங்குகிறது. பின்கதவு திறக்காது. அது கதவே இல்லை, வெறும் கோடு. பத்துக்கு ஆறு.'

"இவற்ற முதல் விமர்சனம் ஞாபகம் இருக்கோ?" என்று தலைவர் சபையைப் பார்த்துக் கேட்டார். "சிவப்பு வாகனத்தைச் சாம்பல் நிறம் எண்டு எழுதினவர்!"

எல்லோரும் சிரித்தார்கள். எமிலியானுசுக்குக் காது சுட்டது. அது உண்மைதான். சிறுவயதில் மன்னாரில் தேவாலய மண்டபத்துக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்த நிறத்தை அப்படியே நம்பி எழுதிவிட்டான். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு, இனிமேல் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தவன்.

வாரம் முழுக்கத் துறைமுகக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அங்கே அவனிடம் ஒருவரும் ஒன்றைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவன் சொல்லை நாலு பேர் வாசிக்கிற ஒரே இடம் இந்த இணையத்தளம்தான். அதுவும் இப்போது போகப்போகிறது.

பையிலிருந்து தன் வானை எடுத்து நீட்டினான். "நீங்களே இழுத்துப் பாருங்கோ."

தலைவர் தொடவில்லை. "பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்திருப்பீர். பெட்டியையும் கிழிச்சுத்தானே திறந்தனீர்?"

"ஓம்."

"அதுதான் பாரும். பிளேட்டால மெல்லக் கீறவேணும். வாகனத்தை எடுத்துப் பாத்திட்டுத் திரும்ப ஒட்டவேணும். என்ர அலுமாரியைப் பாரும், திறந்த அடையாளம் எங்கயும் தெரியுதோ?"

கண்ணாடி அலுமாரிக்குள் நாற்பது பெட்டிகள் பளபளத்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. சபை பெருமூச்சு விட்டது.

"அப்ப உங்கட வானை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ அண்ணை. கதவு திறந்தால் நானே போறன்," என்றான் எமிலியானுஸ்.

"தலைவரிலயே சந்தேகமோ! சரி, பிரேரணைக்கு ஆதரவா கை உயத்துங்கோ."

ஒன்று, இரண்டு, மூன்று என்று கைகள் உயர்ந்தன. சண்முகலிங்கம் இரண்டு கையையும் உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி ஜெகதீஸ்வரி ரோல்ஸ் பலகாரத் தட்டோடு படியிறங்கி வந்தார்.

"ஒரு விளையாட்டு வானுக்கு இவ்வளவு வழக்கோ? பாவம், அந்தத் தம்பின்ர முகத்தைப் பாருங்கோ." தட்டை வைத்தார். அலுமாரியைத் திறந்தார். மீட்பு வானின் பெட்டியை எடுத்தார்.

"இஞ்சாரும், விடும்! விடும்!" என்று தலைவர் பாய்ந்தார்.

பெட்டி 'சர்ர்'ரென்று இரண்டாகக் கிழிந்தது.

ஜெகதீஸ்வரி பின்கதவை நகத்தால் நெம்பினார். அசையவில்லை. செயலாளரிடம் கொடுத்தார். அவர் இழுத்தார், அமுக்கினார், வீட்டுச் சாவியை விட்டுக் கிண்டினார். வெறும் கோடு. கைப்பிடிகூட நிறத்தில் வரைந்தது.

உயர்ந்திருந்த கைகள் மெதுவாக இறங்கி ரோல்ஸ் எடுத்தன.

"சண்முகலிங்கம் அண்ணை, உங்கடையும் திறக்குதெண்டு எழுதினீங்கள்?" என்று எமிலியானுஸ் கேட்டான்.

"தலைவர் எழுதினால் சரியாத்தான் இருக்குமெண்டு..." மிச்சம் ரோல்சோடு உள்ளே போய்விட்டது.

எமிலியானுசுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. தலைவரின் வானை வாங்கித் தரையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். அது பேஸ்மென்ற் முழுக்க ஓடி உடுப்புத் தோய்க்கிற மெசினில் போய் முட்டி நின்றது.

"சில்லு மட்டும் உண்மையாவே திறம்!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவனைப் பார்த்து அல்ல. "விமர்சனம் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும்," என்றார் பொருளாளர். எட்டுக் கைகளில் ஏழு உயர்ந்தன.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வேலைக் கரைச்சலில இந்த ஒரு பெட்டியைத்தான் திறந்து பாக்காமல் எழுதிப்போட்டன்..."

கிழிந்த மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி நிமிர்ந்தார்.

"என்னப்பா கதைக்கிறியள்? பதினொரு வருசமா நான்தானே தூசு தட்டுறன். இந்த வீட்டில திறந்த முதல் பெட்டியே இதுதான்."