மூடி போட்ட லென்ஸ்

“தம்பி, மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. ம், அப்படியே இருங்க. அசையக்கூடாது.”

மருந்துக்கடைக்காரன் மோவாயை இறக்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள் அப்போதுதான் கவனித்தாள். அப்பாவின் கேமராவில் லென்ஸ் மூடி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

ஃபிலிம் போட்டு எடுக்கிற பழைய கேமரா அது. கண்ணை வைத்துப் பார்க்க மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல், படம் பிடிக்கிற லென்ஸ் கீழே. மூடியைக் கழற்ற மறந்தாலும் எடுப்பவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். எதிரே இருப்பவர்களுக்குத்தான் வண்டவாளம் தெரியும்.

இந்த மருந்துக்கடைக்காரன்தான் அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன்; இன்றைக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறான். அப்பா தலையாட்டினால்தான் கல்யாணம். போன வருஷம் பெரியப்பா கூட்டிவந்த பையன் இதே சோபாவில் உட்கார்ந்து, இதே மூடியைப் பார்த்து, “என்ன அங்கிள், மூடியே கழட்டல? வயசாயிடுச்சா?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மறுநாளே அந்தப் பேச்சும் முடிந்துபோனது. அந்த ஆள் போனதில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இவன் அவளுக்கு வேண்டும்.

இவனும் எதையாவது உளறிவைத்தால்? சரி, ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்? ஃபிலிம் முழுக்கப் பாழ். கழுவிப் பார்க்கும்போது, “எல்லாரும் பாத்துட்டுத்தானே உக்காந்திருந்தீங்க?” என்று அப்பா நொந்துபோவார். தானே சொல்லிவிடலாம் என்றால், வந்த ஆளுக்கு முன்னால் பெற்ற அப்பாவை எப்படி மட்டம் தட்டுவது?

“அப்பா, வெளிச்சம் பத்துமா? லென்ஸை ஒரு தடவை பாத்துக்கோங்களேன்.”

“நீ சும்மா இரு. உன் போன் மாதிரி இது தானா ஒண்ணும் பண்ணாது. வெளிச்சத்துக்கும் நாமதான் திருப்பணும், தூரத்துக்கும் நாமதான் திருப்பணும்.”

சொல்லிவிட்டு அவர் வளையத்தைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மாவுக்குச் சின்னவள் கண்ஜாடை காட்டினாள். அம்மா என்னமோ மின்விசிறியில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்ப்பவள் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கிளிக். ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிவிட்டு, மறுபடியும் நிதானமாக ஒரு கிளிக்.

“அங்கிள், ஒரு நிமிஷம்,” என்று மருந்துக்கடைக்காரன் எழுந்தான்.

சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

“அக்கா கல்யாணம் வரைக்கும் சுவத்துல இவ்வளவு படம் மாட்டியிருக்கீங்க, ஒண்ணுலகூட நீங்க இல்லையே. நீங்களும் ஆன்ட்டியும் உக்காருங்க, ஒண்ணே ஒண்ணு நான் எடுக்கிறேன். எப்படின்னு மட்டும் சொல்லிக்குடுங்க.”

“ஐயோ, தலைகூட வாரல,” என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கேமராவைக் கொடுத்தார். “பாத்துப் பிடிங்க தம்பி. அந்த லென்ஸுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி.”

அவன் அதை வாங்கி, வெளிச்சம் பார்ப்பவன் போல ஜன்னல் பக்கம் திரும்பினான். வலது கை ஒருமுறை சட்டைப் பைக்குப் போய்வந்ததைச் சின்னவள் மட்டும் பார்த்தாள். அவன் திரும்பியபோது லென்ஸ் திறந்திருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் வீடே கலகலப்பாகிவிட்டது. அவன் எடுத்தான், அப்பா எடுத்தார், அவள்கூட ஒன்று எடுத்தாள். ஃபிலிம் தீர்ந்ததும் அப்பா மேசையையும் பையையும் துழாவினார்.

“மூடி எங்க போய்த் தொலைஞ்சது?”

“இந்தாங்க அங்கிள், சோபா இடுக்குல கிடந்தது.”

“என் புத்தியைச் சொல்லணும். எதையும் ஒரு இடத்துல வைக்கிறதில்ல.”

வழியனுப்பப் போனவள் தெருமுனையில் அவனைப் பிடித்துக்கொண்டாள். “மூடியை எப்பப் பாத்தே?”

“உக்காந்ததுமே.”

“வாயால சொல்றதுக்கென்ன?”

“ஆசையா எடுத்துட்டிருக்காரு. அவர் மனசைக் கஷ்டப்படுத்துவானேன்?”

அந்த நிமிஷம் அவள் மனசு நிறைந்துபோனது. அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயம் மட்டும் பாக்கி இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

“அந்த வளையத்தை அவ்வளவு நேரமா திருகுவாங்க? எனக்குப் படபடன்னு வந்துடுச்சுங்க.”

“பையனுக்கு யோசிக்க நேரம் வேணாமா? ரெண்டு படம் போனாப் போகுது.” அப்பாவின் சிரிப்பு வாசல்வரை கேட்டது. “பெரிய மாப்பிள்ளை அன்னிக்கு, லென்ஸ்ல தூசி இருக்கு, துடைச்சுத் தரேன்னு சமாளிச்சாரு. இவரு அவரையும் மிஞ்சிட்டாரு. சோபா இடுக்குல கிடந்துச்சாம். நமக்கு இருக்கிறதே ரெண்டு பொண்ணு, இனிமே இந்த மூடியைப் போட்டுக்கிட்டுப் படம் எடுக்கிற வேலை எனக்கில்ல.”