பக்கத்துத் தடத்து நீலம்

நேர்ச்சாலைப் பந்தயங்களில் முப்பது வருடம் ஓடி ஜெயித்த சிவப்புக் கார், ஓய்வுபெற்றுக் கொட்டகைக்கு வந்தது. எப்போதும் அதனிடம் மயிரிழையில் தோற்றுவந்த நீலக் காரையும் ஒருநாள் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிவப்புக்கு அதன்மேல் பழைய சந்தேகம் ஒன்று இருந்தது.

"உண்மையைச் சொல்லு. பச்சை விளக்கு எரியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவே, இல்லையா? இல்லேன்னா எப்படி என்னை அவ்வளவு ஒட்டி வர முடியும்?"

"ஐயோ அண்ணே, எனக்கு அந்த விளக்கே சரியாத் தெரியாது. நீங்க பாயுற சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்புவேன்."

"எல்லாப் பந்தயத்திலயுமா?"

"எல்லாத்துலயும்."

சிவப்பு கொட்டகையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"