பெரிய திரை

"முதல்ல எதுக்குன்னு சொல்லுங்கப்பா. விலைய அப்புறம் பேசலாம்," என்றான் கடைக்காரன் மகோகா.

கடைக்குள் வந்ததிலிருந்து அந்தப் பெரியவர் ஒவ்வொரு லேப்டாப்பின் திரையையும் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். கூட வந்த மனைவி, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம் நின்றாள். கிடாலே நகர பஸ் நிலையத்தின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கடையில் காலையிலிருந்து கரண்டும் இல்லை, வியாபாரமும் இல்லை.

"பாக்கறதுக்குத்தான் தம்பி," என்றார் பெரியவர். "பையன் கனடாவுல இருக்கான். நாளைக்குச் சாயங்காலம், நம்ம நேரத்துக்கு, அங்க சர்ச்சுல நடக்கறத அப்படியே காட்டறாங்களாம். போன்ல பாத்தா முகம் சோளமணியாட்டம் தெரியுது. ஊர்ச்சனம் பூரா வருது. முற்றத்துல பந்தல் போட்டாச்சு."

சர்ச்சு, பந்தல், ஊர்ச்சனம். மகோகாவுக்குப் புரிந்துவிட்டது.

"கல்யாண வீட்டுக்காரங்களா? இத முதல்லயே சொல்லக் கூடாதா," என்று சிரித்தவன், எதிர் டீக்கடைக்குக் குரல் கொடுத்து மூன்று டீ சொன்னான்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியைப் பார்த்தார். "பெருசா ஒண்ணு எடு தம்பி," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மகோகா புதிது ஒன்றை எடுத்து வைத்தான். "தாளாட்டம் லேசு. ஒரு தடவை சார்ஜ் ஏத்தினா நாள் பூரா நிக்கும்."

விலையைக் கேட்டதும் பெரியவர் அதைத் தொடாமலே கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு சின்னது. விலை கட்டுப்படியாகும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்கிற அளவுதான்.

"இதச் சுத்தி பத்துப் பேர்கூட உக்கார முடியாதேப்பா," என்றான் மகோகாவே. "வீட்ல டிவி இருக்கா? இருந்தா இதுல இருந்து ஒரு வயரு போட்டு அதுலயே பாத்துடலாம்."

"டிவிய வித்தாச்சு. அவன அனுப்பறப்ப வித்தது. மாடும் அப்பத்தான் போச்சு."

"போனா போகுது. பையன் கரையேறிட்டானே. நானும் விசாவுக்கு ரெண்டு தடவை மனுப் போட்டேன், ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. இந்த இருட்டுல உக்காந்து ஈ ஓட்டணும்னு எனக்கு விதிச்சிருக்கு." உள்ளுக்குள் எழுந்த பொறாமையை மறைத்துக்கொண்டு கேட்டான்: "திரும்பி வர்ற யோசனை ஏதும் உண்டா, இல்ல அங்கயே தங்கிடுவானா?"

"அங்கயேதான்," என்றாள் அந்த அம்மா. கடைக்கு வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மகோகாவுக்கு அவள் முகவாட்டத்தின் காரணம் இப்போது விளங்கியது. பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத கல்யாணம். யாரோ எவளோ ஒரு வெள்ளைக்காரியாக இருக்கும்.

"மனசு விட்றாதீங்கம்மா. இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான். உங்க கோபம் எத்தனை நாளைக்கு? பேரப்பிள்ளையத் தூக்கிட்டு ஒரு நாள் உங்க வாசல்ல வந்து நிப்பான் பாருங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்த டீயை இருவரும் தொடவில்லை.

அவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் மகோகா கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய கனத்த லேப்டாப்பை இழுத்துத் தூசி தட்டினான். ரொம்ப நாளாக விலை போகாமல் கிடந்தது. திரை மட்டும் கடையிலேயே பெரியது. சார்ஜ் இருந்த பேட்டரி ஒன்றை மாட்டி, அதில் ஏதோ ஒரு செய்திப் படத்தை ஓட விட்டான். வாசிக்கிற பெண்ணின் முகம் திரை நிறைய வந்தது.

அந்த அம்மா சுவரை விட்டு வந்து குனிந்து பார்த்தாள். திரையில் இருந்த பெண்ணின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். "முகம் இந்த அளவுக்குத் தெரியுமா தம்பி?"

"கிட்டப் போய்ப் படம் புடிச்சாங்கன்னா தெரியும்மா."

"நடுவுல நிறுத்தி வெச்சுப் பாக்கலாமா?"

"பதிவு பண்ணி வெச்சுக்கிட்டா எப்ப வேணா, எங்க வேணா நிறுத்தலாம்."

அவள் தலையசைத்தாள். "வாசிகே அப்பா, இதையே வாங்கிடுங்க."

பெரியவர் பணத்தை எடுக்கப் போனார். மகோகாவுக்கு மனசு உறுத்தியது. சொல்லாவிட்டால் விலை போய்விடும். சொன்னால் இதுவும் கைநழுவிவிடும்.

"ஒரு விஷயம்ப்பா," என்றான். "இதுல கேமரா செத்துப்போச்சு. நீங்க அவன நல்லாப் பாக்கலாம், அவன் உங்களப் பாக்க முடியாது. கல்யாணத்தன்னிக்கு அம்மா முகத்தப் பாக்கணும்னு இருக்காதா பிள்ளைக்கு?"

"பரவால்ல தம்பி. நாங்க பாத்தாப் போதும்," என்றார் பெரியவர்.

இவ்வளவு கோபம் ஆகாது என்று மகோகா நினைத்துக்கொண்டான். கேமராவுக்காக விலையைக் குறைத்தான். அம்மாவின் சோர்ந்த முகத்துக்காக இன்னும் கொஞ்சம் குறைத்தான். பழைய துணி ஒன்றில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தான். அவள் அதைக் கையில் தொங்கவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கத் தொடங்கினாள்.

"மாப்பிள்ளைக்கு என் வாழ்த்தையும் சொல்லிடுங்கப்பா," என்றான் மகோகா.

பெரியவர் வாசலில் நின்றார். மனைவி காது கேட்காத தூரம் இறங்கும்வரை காத்திருந்தார்.

"கல்யாணம் இல்ல தம்பி. நாளைக்கு எங்க பையன் வாசிகேய அங்கயே புதைக்கிறாங்க," என்றார். "உடம்பக் கொண்டாரணும்னுதான் ஊர் கூடிக் காசு சேத்துச்சு. அந்தக் காசுக்கு இதுதான் கிடைச்சுது."