வலது பக்கப் பொத்தான்

ராஜகீழ்ப்பாக்கம் கடையில் அலுமினியம் அறுக்கும் மிஷின் நின்றுவிட்டது. வெள்ளித் தூள் மட்டும் வெயிலில் மிதக்கிறது. சௌகத் அலி தன் கைக்கணினியை மகள் முன்னால் தொப்பென்று போடுகிறார். பள்ளிக்கரணையில் காலையிலிருந்து ஏணி ஏறி இறங்கி எடுத்து, அதன் நோட்டுத் திரையில் குறித்த இருபத்திரண்டு ஜன்னல் அளவும் அழிந்துவிட்டது. "பாத்து அழுத்தக் கூடாதா அத்தா?" என்று எரிந்து விழுகிறாள் குல்ஷன். முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து அவள் காசு வாங்காமல் எழுதும் மென்பொருள்தான் அதில் ஓடுகிறது. "இன்னாத்தப் பாக்கறது? காலண்டர்ல வலது பக்கம் 'சேமி'. போன் நம்பர்ல வலது பக்கம் 'சேமி'. இந்த நோட்டுல மட்டும் அதே எடத்துல 'அழி'ன்னு வெச்சிகினு, என்னைப் பாக்கச் சொல்றியா? ஒரு கையில டேப்பு, ஒரு கையில இந்த டப்பா, கீழ ஆடற ஏணி. என் கட்டைவிரல்தான் பாக்கும்!" அந்த விரல் அவள் முகத்துக்கு நேரே நீள்கிறது; நகக்கண்ணில் வெள்ளித் தூள். அவள் கோபம் இப்போது அந்த நோட்டுத் திரையைச் செய்த கூட்டாளிகள் மேல் திரும்புகிறது. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட இடத்தில் பொத்தானை வைப்பார்களா? லேப்டாப்பில் மென்பொருளின் புகார்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்துகளைக் குத்துகிறாள். அதே புகார் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. 'எல்லாத் திரையிலும் ஒரே பக்கம் வையுங்கள்' என்று யாரோ இரண்டு வருஷம் முன்பே கேட்டிருக்கிறார். ஒற்றை வரிப் பதிலோடு அது மூடப்பட்டிருக்கிறது: 'பார்த்து அழுத்தவும்.' சௌகத் அலி பின்னால் வந்து குனிகிறார். "எவன் இப்படி எழுதினது?" பதிலுக்குப் பக்கத்தில், பதில் எழுதியவரின் சின்ன வட்டப் படத்துக்குள், குல்ஷன் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.