மணல் சட்டி பிஸ்கட்

ஜேடர்பாளையம் அணைத் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

கோழிப்பண்ணை செங்கோடன் கஞ்சா பிஸ்கட் சுட்டான்.

யார்? பீடி பிடிக்கிறவனைப் பண்ணைக்குள்ளேயே விடாத செங்கோடன்! பஸ் ஸ்டாப்பில் கஞ்சாப் பொட்டலத்தோடு நின்ற ஒருத்தனைச் சட்டையைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்த அதே செங்கோடன்!

முட்டை வாங்கலாம் என்று காலையில் போனேன். சமையலறையில் ஒரே புகை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நிற்கிறான். அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டா. அதில் பாதிக்கு ஆற்று மணல். மணல்மேல் ஒரு தட்டு. தட்டில் பச்சைப் பச்சையாக மாவு வில்லைகள்.

"என்றா இது?"

"கத்தாதப்பா. பிஸ்கட்டு."

"மவ சௌமியா வாங்கிக் குடுத்த ஓவன் என்னாச்சு?"

"சூடேத்தற காயில் எரிஞ்சு போயிருச்சு. மெக்கானிக்கக் கூப்புட்டா வாசத்துலயே கண்டுபுடிச்சிருவான்."

"என்ன வாசம்?"

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். "கஞ்சா."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லீட்டு, ஊட்டுக்குள்ள இந்த வேலையா?"

"சாலாவுக்குத்தானப்பா." மனைவி சாலம்மாள் படுத்திருந்த பக்கத்து அறையைக் கையால் காட்டினான். "கேன்சருக்கு ஊசி போட்டு வந்ததுல இருந்து ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. இப்பிடியே போனா அடுத்த ஊசியத் தாங்க மாட்டாங்கன்னு டாக்டரு சொல்லீட்டாரு. போர் போடற ரிக் வண்டில வேலைக்குப் போற கந்தப்பந்தான், வடக்க இதத் தின்னா நல்லாப் பசிக்குமுன்னு பேசிக்கறாங்கன்னு ஒரு பொட்டணம் கொண்டாந்து குடுத்தான்."

திட்டவும் மனசில்லை, தட்டிக் கொடுக்கவும் மனசில்லை.

தட்டை இறக்கி, ரெண்டு பிஸ்கட்டைச் சாலம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஆளுக்கொரு நாக்கு இருக்கிறதல்லவா? சும்மா ருசி பார்க்க ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவ்வளவுதான். வெளியே வந்தால் தென்னை மரம் குனிந்து, "சௌக்கியமா அப்புசாமி?" என்கிறது. திருச்செங்கோட்டு மலை எழுந்து, சோம்பல் முறித்து, கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி உட்காருகிறது. கண்ணால் பார்த்தேன்!

உள்ளே சாலம்மாளின் குரல் கேட்டது. "ஏனுங்க, பசிக்கறாப்பல இருக்குதுங்க. ரெண்டு வாய் ரசஞ்சோறு போடுங்க." செங்கோடன் ஓடினான்.

நான் தள்ளாடித் தள்ளாடிக் கோழிக் கொட்டகைப் பக்கம் போனேன். நேற்றுச் சுட்ட பிஸ்கட் கரிந்துவிட்டதாம். பண்ணைக்காரன் எதை வீணாக்குவான்? அத்தனையையும் நொறுக்கிக் கோழிக்குப் போட்டிருந்தான். தீவனத் தட்டில் இன்னும் தூள் கிடந்தது.

கோழிகள் பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கிறங்கவில்லை. தீவனத்தில் துளி மாற்றம் வந்தாலே முட்டையைக் குறைக்கிற ஜாதி. இன்றைக்கும் கூடை நிறைய முட்டை.

கிலோக் கணக்கில் தின்ற கோழி தெளிவாக நிற்கிறது. ஒன்றே ஒன்று தின்ற எனக்கு மலை நடக்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நேராகச் சாலம்மாளிடமே போனேன். செங்கோடன் ரசம் சூடு பண்ணிக்கொண்டிருந்தான்.

"அம்மிணி, உனக்குக் கிறுகிறுன்னு வருதா?"

"மெல்லப் பேசுங்ண்ணா." அந்தப் பெண் சிரித்தது. "அது முருங்கெலைங்க. அந்தப் பொட்டணத்தக் கக்கூசுல கொட்டித் தண்ணி ஊத்திப்போட்டு, முருங்கெலையக் காயவெச்சு நொறுக்கிக் கட்டி வெச்சேன். இந்த வயசுல அவரு போலீஸ் டேசன்ல போயி நிக்கோணுமுங்களா?"

"அப்ப எனக்கு மலை நடந்துச்சே?"

"உங்களுக்கு அது தெனமும் நடக்கறதுதானுங்களே."

"பசிக்குதுன்னியே, அம்மிணி?"

"ஏதுங்க பசி? கொமட்டுது. ஆனா கண்ணாலமாயி இத்தன வருசத்துல ஒரு சொம்புத் தண்ணி தானா மோந்து குடிக்காத மனுசன், எனக்காவ மணல வறுத்துட்டு நிக்கறாரு. எப்பிடித் துப்பறது? முழுங்கறேன். முழுங்க முழுங்கக் கொஞ்சம் எறங்கவும் செய்யுது. சொல்லிப்போடாதீங்ண்ணா. தெரிஞ்சா மறுபடி பொட்டணம் தேடிப் போயிருவாரு."

தட்டோடு வந்த செங்கோடன் சோற்றைப் பிசைந்து கொடுத்தான். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. காலித் தட்டோடு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

என் வாய் நிற்குமா? "செங்கோடா, உங்கோழியெல்லாம் தெளிவா நிக்குதே, பாத்தயா?"

"நேத்தே பாத்தேன்."

"என்னது?"

"கோழியப் பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டனா? அது கஞ்சா இல்ல. மாத்துனது ஆருன்னும் தெரியும்."

"அப்பறம் எதுக்குடா காத்தால கதவச் சாத்தீட்டு, கஞ்சா கஞ்சான்னு எங்கிட்ட..."

"அவ பக்கத்து ரூம்புல கேட்டுட்டுத்தான படுத்திருந்தா? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் ஆருக்காகத் திம்பா? இப்ப எனக்காவ முழுங்கறா. முழுங்கட்டும்ப்பா."

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு மாவு பிசைய உள்ளே போய்விட்டான்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டுப் பக்கம் போனால், செங்கோடனிடம் சாலம்மாளைப் பற்றியும் சாலம்மாளிடம் செங்கோடனைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள். தெரியாத்தனமாக உளறிவிட்டால், பள்ளிபாளையம் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம்.