மைதானத்தின் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி

“எவம்லே அது? என் கிரவுண்டைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டவன் எவம்லே?”

புதன்கிழமை காலை, கடை திறந்த கையோடு செந்தூர்வேல் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், பலசரக்கு வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

கால்பந்துச் சங்கச் செயலாளர் முத்துக்குமரன் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

“பேரு போடலை அண்ணாச்சி. ஆனா எழுதியிருக்கது நிஜம்தான? இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாரேன். கடல் பக்கம் பூரா மணலு, கால் புதையுது. ரோட்டுப் பக்கம் கட்டாந்தரை, பந்து தலைக்கு மேல எகிறுது. பைனலை இங்கன வைக்க முடியாது. சாயர்புரத்துக்கு மாத்தியாச்சு.”

“சாயர்புரத்துக்கா? அவங்ககூடதானய்யா எங்களுக்குப் பைனலே!”

“நல்ல புல்லுத்தரை அங்கதான இருக்கு.”

திரேஸ்புரம் பெண்கள் அணியின் கேப்டன் ஸ்டெபி கடை வாசலில் நின்றிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த மைதானம் அண்ணாச்சி உண்டாக்கியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் குப்பை கொட்டிக் கிடந்த கடற்கரைப் பொட்டலைச் சுத்தம் செய்து, லோடு லோடாகச் செம்மண் அடித்து, இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துக் கோல் கம்பம் நட்டவர். பெய்த மழையில் செம்மண் கரைந்து போயிற்று. கடற்காற்று மணலை வாரிக் கொண்டுவந்து கொட்டியது. அவரோ இன்றைக்கும் கடை திறக்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வருவார். அவர் முகத்துக்கு நேரே அதைக் குறை சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது.

ஸ்டெபியின் அணி தரையோடு தரையாகப் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடும் அணி. மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் பழகிய ஆட்டம் அது. அந்த வருட லீக்கில் வெளியூரில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி. சொந்த மைதானத்தில் ஐந்து ஆட்டம். நான்கு தோல்வி, ஒன்று சமன். தட்டிவிட்ட பந்து பாதி வழியில் மணலில் நின்றுவிடும். காலால் நிறுத்தப் போனால் கட்டாந்தரையில் எகிறி ஓடிவிடும்.

தோற்று வரும்போதெல்லாம் அண்ணாச்சி சொல்வது ஒன்றுதான். “கிரவுண்டு என்னளா செய்யும்? காலைச் சரியா வைக்கணும்.”

சீட்டுக் குலுக்கியதில் பைனல் திரேஸ்புரத்துக்கு விழுந்தபோது ஊரே வெடி போட்டது. பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது.

“எல்லாம் சாயர்புரத்துக்காரன் வேலை” என்றார் அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன்களில் திரேஸ்புரம் சாயர்புரத்தில் போய் இறங்கியது. சாயர்புரம் அணியின் கோச் டேவிட்சன் நேராக அண்ணாச்சியிடம் வந்தார்.

“அண்ணாச்சி, நாங்க எழுதலை. உங்க கிரவுண்டுல உங்க பிள்ளைகளை ஜெயிக்கது லேசு. அதை மாத்தச் சொல்ல எங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசில் ஊதியது. பந்து புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்டெபி ஐஸ்வர்யாவுக்குக் கொடுத்தாள். ஐஸ்வர்யா திருப்பிக் கொடுத்தாள். போன பந்து போன இடத்தில் இருந்தது. பத்தாவது நிமிடம் முதல் கோல். இடைவேளைக்கு முன் சாயர்புரம் ஒன்று போட்டுச் சமன் செய்தது. அதன் பிறகு அவர்களுக்குப் பந்தே சிக்கவில்லை. ஐஸ்வர்யா ஒன்று, கடைசி நிமிடத்தில் ஸ்டெபி ஒன்று. மூன்றுக்கு ஒன்று!

மாநிலப் போட்டிக்குப் போவது திரேஸ்புரம்!

அண்ணாச்சி சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். பெண்கள் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கத்திக் கத்தி அவருக்குக் குரலே போய்விட்டது. “எங்க ஊர்ல வேண்டாம்னியளே! பாத்துக்கிடுங்கய்யா!” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்டெபி கோப்பையோடு அவரைத் தனியாக அழைத்துப் போனாள். கண்கள் கலங்கியிருந்தன.

“கப்பைக் கையில வச்சுக்கிட்டு எதுக்குளா அழுவுத?”

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். ஏசக் கூடாது.”

“சொல்லு.”

“டேவிட்சன் சாரைச் சும்மா குத்தம் சொல்லாதீங்க. அந்தக் கடுதாசி நான் எழுதினது.”

அண்ணாச்சி அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி இடுக்கிக்கொண்டார்.

“நம்ம கிரவுண்டுல ஆடினா தோத்துருவோம்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட நேரா வந்து சொல்லத்தான் நெனச்சேன். விடியக்காலம் நீங்க தண்ணி தெளிக்கதைப் பாத்துட்டு எப்படி அண்ணாச்சி சொல்ல? செவ்வாய்க்கிழமை ராத்திரி அழுதுக்கிட்டேதான் தபால் பெட்டியில போட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

அவர் வேன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போன குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை ராத்திரி போட்டது புதன்கிழமை காலையில எப்படிளா சங்கத்துக்குப் போய்ச் சேரும்? முத்துக்குமரன் அன்னைக்குக் கையில வச்சிருந்தது, நான் சனிக்கிழமையே எழுதிப் போட்டது.”